வயிற்றுவலியும் ஓமத்தண்ணீரும்

அன்புள்ள ஐயா,

என் மகன் இரண்டாம் வகுப்பு. இரண்டு மாதமாகத் திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி என்கிறான். மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பள்ளியிலோ உளவியல் ஆலோசகரிடம் அனுப்பச் சொல்கிறார்கள். “ஏழு வயதில் பைத்தியக்காரப் பட்டமா?” என்று மாமியார் கொதிக்கிறார். எனக்கும் தயக்கம்தான்.

— ஒரு தாய், திருச்சி

அன்புள்ள அம்மா,

உங்கள் மாமியார் மேல் எனக்குக் கோபமில்லை. ஆலோசகர் என்றாலே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுப் பயத்துக்கு வருகிறவர் என்றுதான் பழகியிருக்கிறோம். முடிவு வெளியாகும் நாளில் 104 என்ற உதவி எண்ணை அழையுங்கள் என்று அரசு சொல்வதும் பெரிய பிள்ளைகளுக்காகத்தான்.

பயம் வந்தால் “வயிற்றைக் கலக்குகிறது” என்கிறோம். பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் வெறும் பேச்சு. ஏழு வயதில் உண்மையிலேயே வலிக்கும். நானும் இரண்டாம் வகுப்பில் இப்படிப் படுத்தவன். பாட்டி ஓமத்தண்ணீர் கொடுத்தாள், மந்திரித்த கயிறு கட்டினாள். பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, பெரிய பையன்கள் உதைத்துத் திறப்பார்கள், அதனால் மாலை வரை அடக்கிக்கொள்கிறேன் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நல்ல ஆலோசகர் எதிரே உட்காரவைத்து விசாரிக்க மாட்டார். வண்ணப் பென்சில், களிமண், கைப்பொம்மை என்று ஏதாவது கொடுப்பார். படத்தை வைத்து ஜோசியம் சொல்வதற்கல்ல. கை வேலையாக இருக்கும்போது பிள்ளையின் வாய் தானாகத் திறக்கும். அதன்பின் பாதி வேலை பெரியவர்களிடம்தான்: வகுப்பாசிரியரிடம் பேசி இடம் மாற்றி உட்காரவைப்பது, உங்களிடம் வீட்டு நிலவரம் கேட்பது. மருந்து எழுதுவது அவர் வேலையே அல்ல.

ஒன்று மட்டும் விசாரியுங்கள்: அவர் உளவியல் படித்தவரா, அல்லது பாடவேளை குறைவாக உள்ள ஆசிரியருக்குக் கொடுத்த கூடுதல் பட்டமா? இரண்டாவது என்றால் உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. மகன் சொல்வதையெல்லாம் அவர் உங்களிடம் ஒப்பிக்கமாட்டார், அது சரியே. ஆனால் யாராவது குழந்தையிடம் பாலியல் அத்துமீறல் செய்திருப்பது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதை மறைக்க அவருக்கு உரிமை கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் “மிஸ் என்ன கேட்டாங்க?” என்று துருவாதீர்கள். தின்னக் கொடுங்கள், விளையாட விடுங்கள்.

மாமியாரிடம் என் ஓமத்தண்ணீர்க் கதையைச் சொல்லிப் பாருங்கள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தபோது நான் நாலாம் வகுப்பு.