காதுகுத்துக்கு நான்கு நாள் லீவு

கேள்வி: என் மகனுக்குப் பதினோராவது மாதம் நடக்கிறது. பிறந்தபோது ஆஸ்பத்திரியில் போட்ட ஊசியோடு சரி. ரோட்டா என்ற கிருமியால் வரும் பேதியைத் தடுக்க ரோட்டா சொட்டு மருந்து கொடுக்க வேண்டும் என்கிறாள் மனைவி. "போலியோ சொட்டுதான் கொடுத்தாச்சே, பல் முளைக்கும்போது பேதி போகத்தான் செய்யும்" என்கிறார் அம்மா. சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதான் போடுகிறார்கள். போன மாதம் குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து என்று நான்கு நாள் லீவு போய்விட்டது. அம்மா மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
- வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: தம்பி, மாமியார் மருமகள் பிரச்சினையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த லீவுக் கணக்கிலேயே நின்றுவிட்டேன். வேன் பிடித்து, கிடா வெட்டி, தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்து எல்லாம் முறையாகச் செய்திருப்பீர்கள். செய்ய வேண்டியதுதான், நானும் குலதெய்வத்தைக் கும்பிடுகிறவள். ஆனால் ஒன்றரை மாதத்தில் கொடுத்திருக்க வேண்டிய சொட்டு இது. அன்றிலிருந்து முப்பதுக்கும் மேல் புதன்கிழமைகள் போயிருக்கின்றன. ஒன்றுகூடவா அமையவில்லை? அம்மாவை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்கிறீர்கள்.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பிள்ளை வளர்த்தபோது இங்கே இந்த மருந்தே கிடையாது. 1998-ல் அமெரிக்காவில் வந்த முதல் மருந்தால் சில குழந்தைகளுக்குக் குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொண்டது என்று மறு வருடமே நிறுத்தினார்கள். அடுத்து வந்தவை ஏழை நாடுகளுக்கு எட்டாத விலை. அப்புறம்தான் டெல்லிக் குழந்தைகளிடம் கண்டெடுத்த ரோட்டா கிருமியை வைத்து நம் நாட்டிலேயே ஒரு மருந்து தயாரானது. அதை டெல்லி, புனே, உங்கள் வேலூர் மூன்றிலும் 6,799 குழந்தைகளைக் கொண்டு சோதித்தார்கள். 2017-லிருந்து தமிழ்நாட்டில் ரோட்டா சொட்டு இலவசம். விலை, தூரம், மருந்தை வைக்கக் குளிர்பெட்டி இல்லை என்று எத்தனையோ நாடுகளில் அல்லாடுகிறார்கள். உங்களுக்குத் தடை ஒரு லீவு லெட்டர்!

போலியோ சொட்டு போலியோவுக்கு மட்டும்தான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் இதைக் கொடுத்தால் பேதியே வராது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு தடவை போனாலும் "பார்த்தியா" என்பார். முற்றிப்போகிற ரோட்டா பேதியைப் பாதிக்குமேல் குறைக்கும், அவ்வளவுதான். கண் குழிந்து, நாக்கு வறண்டு, அழுதாலும் கண்ணீர் வராமல் துவண்டு கிடக்கும் பிள்ளையை ஒரு முறை பார்த்தவர்கள் அந்தப் பாதியைச் சின்னதாக நினைக்க மாட்டார்கள்.

முதல் சொட்டை ஒரு வயதுக்குள் கொடுத்தாக வேண்டும். பிறந்தநாள் தாண்டினால் அரசுக் கணக்கில் கிடையாது. உங்களுக்கு மிச்சம் இருப்பது விரல்விட்டு எண்ணும் புதன்கிழமைகள். வருகிற புதனன்று தடுப்பூசி அட்டையோடு நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள். காது குத்தத்தான் தாய்மாமன் மடி வேண்டும், இதற்கு அப்பன் மடி போதும். விட்டுப்போன மற்ற ஊசிகளையும் நர்ஸம்மா பார்த்துச் சொல்வார். இன்னும் இரண்டு தவணை சொட்டு, நான்கு நான்கு வாரம் தள்ளி வரும். அந்த இரண்டு புதனுக்கும் சேர்த்து இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.