பாம்பன் மீனவர்களுக்கான செயலி: கிட்ஹப்பில் நேரடி இணைப்பு

பாம்பன் மீனவர்களுக்காக நீங்கள் எழுதிய காற்று, அலைச் செயலியை, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எடுக்கப் போனவர்கள், பச்சை நிற 'கோட்' பொத்தானை அமுக்கி செயலிக்குப் பதில் மூல நிரல் அடங்கிய ஜிப்பை இறக்கிவிட்டுத் திகைக்கிறார்கள் என்கிறீர்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. பக்கத்தில் பளிச்சென்று தெரிவது அதுதான். பதிப்புகளை வெளியிடும் ரிலீஸ் பக்கத்திலும் மூல நிரல் ஜிப் தானாக வந்து நிற்கும். அதனால் பக்கத்தையே காட்டாதீர்கள், நேரடி இணைப்பைக் கொடுங்கள்.

ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்புக்கு எல்லாப் பதிப்பிலும் ஒரே பெயர் வையுங்கள், எண் சேர்க்காமல். அப்புறம் உங்கள் திட்ட முகவரியோடு 'ரிலீசஸ்/லேட்டஸ்ட்/டவுன்லோட்/' என்று ஆங்கிலத்தில் சேர்த்து, கடைசியில் கோப்புப் பெயரைப் போடுங்கள். எப்போதும் புதிய பதிப்பே நேராக இறங்கும். அந்த இணைப்பைத் திட்டத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயின் முதல் வரியில் வையுங்கள். மீன் ஏலம் போடும் இடத்தில் க்யூஆராக ஒட்டுங்கள்.

நிறுவும்போது ஆண்ட்ராய்டு அனுமதி கேட்கும். பயந்து விட்டுவிடுவார்கள். அந்தத் திரையின் படத்தோடு தமிழில் இரண்டு வரி கட்டாயம் போடுங்கள்.