கல்விச்சீரில் என்ன வைக்கலாம்?

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 38 பிள்ளைகள். கல்விச்சீருக்கு, அதாவது ஊரார் சேர்ந்து பள்ளிக்குச் சீராகக் கொடுப்பதற்கு, ஊரில் 40,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. பெரிய டிவி வாங்கலாமா?
— வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: டிவி அப்புறம். முதலில் தலைமை ஆசிரியரிடம் தேவைப் பட்டியல் வாங்குங்கள். கேட்காமல் போகும் சீரில் சுவர்க் கடிகாரமும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான் குவியும். கழிப்பறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

அரசுப் பள்ளிச் செலவுக்கு வரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. பதிவேடு, மின்பழுது, பினாயில் எல்லாமே இதற்குள் அடங்க வேண்டும். சிறிய பள்ளிகள் தடுமாறுவது பராமரிப்பில்தான். எனவே கழிப்பறைக்கு உள்ளேயே தண்ணீர் வருகிறதா என்று போய்ப் பாருங்கள். வெளியிலிருந்து வாளியில் தூக்கிப் போக வேண்டுமென்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அந்தப் பக்கமே போகாது. மேல்தொட்டியிலிருந்து குழாய் இழுத்து, சின்னக் கை எட்டும் உயரத்தில் திருகு வையுங்கள். மீதத்தில் ஒரு பகுதியைப் பழுதுச் செலவுக்கென ஒதுக்குங்கள். வடிகட்டி மாற்றப் பணமில்லாமல் ஆர்.ஓ. இயந்திரம் மூலையில் கிடக்கும் பள்ளிகள் ஏராளம்.

பணம் யார் கையிலும் தங்கக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, குழுவின் வங்கிக் கணக்கில் செலுத்தி ரசீது வாங்குங்கள். பொருளானால் இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பதிவில் இல்லாத பொருள் பழுதானால் கேட்க ஆளிருக்காது.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் பேச்சு எடுபடுமா?
— வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: எடுபட வேண்டும் என்பதுதான் சட்டம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவின்படி உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவதும் குழுவின் வேலையே. நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, அதாவது டிசம்பருக்குள் எழுதிவிடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர்?
— வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: 1,000 லிட்டருக்கு நல்ல பவுடர் சுமார் 2.5 கிராம். நேரே கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிடுங்கள். ஈரம் பட்ட பழைய பவுடரில் வீரியம் இருக்காது. சேறு படிந்த தொட்டியில் எவ்வளவு போட்டாலும் பயனில்லை. முதலில் கழுவ வேண்டும்.

கேள்வி: எங்கள் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் 64லிருந்து 58 ஆகிவிட்டார்கள். மூன்றாவது ஆசிரியர் போய்விடுவாரா?
— வாசகர், அரியலூர் மாவட்டம்

பதில்: போக வாய்ப்புண்டு. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று என்பது சட்டக் கணக்கு. தமிழ்நாட்டில் பணியாளர் நிர்ணயத்துக்கு, அதாவது பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்ய, ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கையைத்தான் எடுப்பார்கள். விஜயதசமிச் சேர்க்கை அந்த ஆண்டுக் கணக்கில் வராது. வீடு வீடாகப் போவதை ஏப்ரலில் தொடங்கி ஜூலைக்குள் முடித்துவிடுங்கள். அங்கன்வாடியில் ஐந்து வயது நிறைந்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை முதலில் வாங்குங்கள்.