ஒரு பிழை சிக்குகிறது, பக்கத்துப் பிழை தப்புகிறது!

கேள்வி: எனக்கு வயது 46. மெய்ப்புத் திருத்தும் வேலை. ஒரு வரியில் ஒரு பிழையைப் பிடித்தால், பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்றை விட்டுவிடுகிறேன். யாராவது காட்டினால் பளிச்சென்று தெரிகிறது. கண் கோளாறா, மறதி நோயின் தொடக்கமா?

மருத்துவர் பதில்: காட்டினால் தெரிகிறது என்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. பிழை தப்பியது கண்ணிடமிருந்து அல்ல, கவனத்திடமிருந்து. மறதி நோய் என்று பயப்பட நீங்கள் எழுதியதில் எதுவும் இல்லை.

எக்ஸ்ரே பார்க்கும் கதிரியக்க மருத்துவர்களுக்கும் இது நேர்வதுண்டு. விலா எலும்பு முறிவைக் கண்டுபிடித்தவர், அதே படத்தில் நுரையீரலில் உள்ள சிறு கட்டியை விட்டுவிடலாம். ஒன்று கிடைத்த திருப்தியில் தேடலை நிறுத்திவிடுகிறார்கள் என்றுதான் 1960-களில் நினைத்தார்கள். கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தபோது விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. தேடல் பெரும்பாலும் தொடரத்தான் செய்கிறது. பார்வை இரண்டாவது இலக்கின் மேலேயே விழுந்தும் அது மனதில் பதியாமல் போகிறது!

ஒன்றை அடையாளம் கண்டதும் சுமார் அரை நொடிக்கு அடுத்ததைக் கவனிக்கும் திறன் மங்குகிறது. உங்கள் 'பக்கத்துப் பிழை' மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான் என்பது என் ஊகம். தவிர, கண்டதை நினைவில் வைத்திருப்பதே ஒரு சுமை. அப்புறம், எழுத்துப்பிழை ஒன்று கிடைத்துவிட்டால் மனம் அதே மாதிரிப் பிழையைத் தேடப் போய்விடுகிறது; விடுபட்ட சொல்லோ தவறான எண்ணோ தப்பிவிடும்.

எனவே பிழையைக் கண்டதும் உடனே குறித்துவிடுங்கள், மனதில் சுமக்க வேண்டாம். குறித்த பிறகு அந்த வரியை முதலிலிருந்து இன்னொரு முறை படியுங்கள். எண்களையும் பெயர்களையும் தனிச் சுற்றில் பார்ப்பது நல்லது. 'இன்னும் கவனமாக இருப்பேன்' என்ற உறுதிமொழியை நான் அதிகம் நம்புவதில்லை. தூக்கம் குறைந்த நாளில் அது நிற்காது.

சரி, கண்ணைச் சோதிக்கவே வேண்டாமா? 40 வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வருவது இயல்பு, ஒருமுறை பார்த்துவிடுங்கள். தப்புவதெல்லாம் எப்போதும் ஒரே பக்கமாக இருந்தாலோ, நடக்கும்போது கதவு நிலையில் இடித்துக்கொண்டாலோ பார்வைப் புலச் சோதனை (நேரே பார்க்கும்போது பக்கங்களில் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது) அவசியம். திடீரென்று ஒரு பக்கப் பார்வை மறைந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது; அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.