ஓஜா பலகையில் நாணயத்தை நகர்த்துவது யார்?

வணக்கம். கல்லூரி விடுதியில் இருக்கும் என் மகள் தோழிகளோடு சேர்ந்து ஓஜா போர்டு ஆடியிருக்கிறாள். சார்ட் தாளில் ஆங்கில எழுத்துகளை எழுதி, ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் மூன்று பேர் விரல் வைத்திருக்கிறார்கள். நாணயம் நகர்ந்து, ஒருத்தியின் இறந்துபோன தாத்தாவின் பெயரைச் சரியாகக் காட்டியதாம். வார்டன் வரும் சத்தம் கேட்டு ‘குட்பை’ சொல்லாமல் எழுந்துவிட்டார்கள். ஆவி அறையிலேயே தங்கிவிட்டது என்று பயந்து ஒரு வாரமாக விளக்கை அணைக்காமல் கிடக்கிறாள். யாரும் தள்ளவில்லை என்று மூவரும் சத்தியம் செய்கிறார்கள். இந்தப் பலகை எங்கிருந்து வந்தது? குட்பை சொல்லாவிட்டால் ஏதாவது ஆகுமா?
— ச.

அன்புள்ள ச.,

மூன்று பெண்களும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். முதலில் அதை உங்கள் மகளிடம் சொல்லிவிடுங்கள். பொய் சொல்கிறாய் என்று ஆரம்பித்தால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் அவள் காதில் ஏறாது. யாரும் வேண்டுமென்று தள்ளவில்லை. ஆனால் நாணயத்தை நகர்த்தியது அவர்களுடைய விரல்கள்தான்.

இதை 1853இலேயே மைக்கேல் ஃபாரடே என்ற ஆங்கிலேய விஞ்ஞானி சோதித்துக் காட்டினார். அன்று லண்டனில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கை வைத்தால் அது தானாக நகர்கிறது என்ற பரபரப்பு. ஃபாரடே சில அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுநடுவே மெழுகு கலந்த இளகிய பசையை வைத்தார். ஓரங்களில் பென்சில் கோடு போட்டு, அந்த அடுக்கின் மேல் கைகளை வைக்கச் சொன்னார். மேசை கையை இழுத்திருந்தால் கீழ் அட்டை முந்தியிருக்க வேண்டும். கை மேசையைத் தள்ளியிருந்தால் மேல் அட்டை முந்தும். மேல் அட்டைதான் முந்தியிருந்தது. அடுத்ததாக, கை பக்கவாட்டில் தள்ளினால் உடனே சாய்ந்து காட்டும் ஒரு வைக்கோல் முள்ளைப் பொருத்தினார். முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தவர்களுக்கு மேசை அசையவில்லை. முள்ளை மறைத்ததும் மறுபடி நகரத் தொடங்கியது. உட்கார்ந்தவர்கள் நேர்மையானவர்கள் என்பதை ஃபாரடே வலியுறுத்தியே எழுதினார். எதிர்பார்ப்பே தசையை அசைத்துவிடும், அசைத்தது நாம் என்ற உணர்வு எழாது. இதற்கு ‘இடியோமோட்டார்’ என்று 1852இல் பெயர் வைத்தவர் வில்லியம் கார்ப்பென்டர் என்ற மருத்துவர்.

நாணயத்தில் இது இன்னும் எளிது. முழங்கைக்கு முட்டுக் கொடுக்காமல் நீட்டிய கை சில நிமிடங்களிலேயே சோர்ந்து நுணுக்கமாக நடுங்கும். தாளில் ஒட்டி நிற்கும் நாணயம் அந்த அழுத்தம் சேர்ந்ததும் சட்டென வழுக்கும். வழுக்கியதும் மூன்று விரல்களும் அதைத் தொடர்ந்து போகும். தொடர்கிறோம் என்று நினைக்கும்போதே தள்ளவும் செய்கிறோம். அதிலும் மூன்று பேர் என்றால், ஒவ்வொருத்தியின் விரலிலும் உறைப்பது மற்ற இருவரின் விசைதான். முதல் எழுத்து குருட்டாம்போக்கில் வரலாம். இரண்டு எழுத்து விழுந்துவிட்டால் அடுத்தது எதுவாக இருக்கும் என்று எல்லோர் மனமும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும்.

சரி, தாத்தா பெயர்? அந்தப் பெயரை அறிந்தவள் ஒருத்தி அங்கே விரல் வைத்திருந்தாளே. பலகையின் வரலாறு முழுக்க இப்படித்தான் இருக்கிறது. 1848இல் நியூயார்க் மாநிலத்து ஹைட்ஸ்வில்லில் ஃபாக்ஸ் சகோதரிகள் தட்டல் ஒலி மூலம் ஆவியோடு பேசுவதாகச் சொன்னதிலிருந்து அமெரிக்காவில் ஆவிமோகம் பரவியது. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லித் தட்டலுக்குக் காத்திருப்பது பெரும்பாடு. பென்சில் செருகிய சக்கரப் பலகையான பிளான்செட் வந்தது, கிறுக்கல்தான் மிஞ்சியது. எழுத்துகளையே பலகையில் எழுதிவைக்கும் முறை 1886 வாக்கில் ஒஹாயோவில் பரவ, 1890இல் பால்டிமோரில் சார்லஸ் கென்னார்டும் எலைஜா பாண்டும் அதைக் கம்பெனிச் சரக்காக்கினார்கள்.

பெயர் வைத்த கதையைக் கவனியுங்கள். பாண்டின் மைத்துனி ஹெலன் பீட்டர்ஸ், உன்னை என்னவென்று அழைக்கலாம் என்று பலகையையே கேட்டார். ‘ஓஜா’ என்று வந்தது. அப்போது அவர் கழுத்தில் இருந்த லாக்கெட்டில் ஒரு பெண்ணின் படமும் அதன் மேல் அதே பெயரும் இருந்ததாகக் கென்னார்டே எழுதியிருக்கிறார். இந்தப் பெயர் (Ouija) ‘ஆம்’ என்பதற்கான பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களான oui, ja இரண்டின் சேர்க்கை என்று பரவலாகச் சொல்லப்படுவது பின்னால் ஒட்டவைத்த விளக்கம். 1891 பிப்ரவரி 10இல் காப்புரிமை கிடைத்தது, எண் 446,054. அதில் இதற்கு இட்ட தலைப்பு ‘பொம்மை அல்லது விளையாட்டு’. ஆவி என்ற பேச்சே தலைப்பில் இல்லை.

அடுத்த எண்பது ஆண்டுகளும் இது வரவேற்பறைச் சாமான்தான். காதலர்கள் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார ஒரு சாக்கு. 1967இல் மட்டும் இருபது லட்சம் பலகைகள் விற்றன, மோனோபோலி என்ற புகழ்பெற்ற பலகை விளையாட்டைவிட அதிகம். 1973இல் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தில் ஒரு சிறுமி இந்தப் பலகையோடு பேசும் காட்சி வந்த பிறகுதான் இது பிசாசின் வாசல் ஆனது. தனியாக ஆடாதே, சுடுகாட்டில் ஆடாதே, குட்பை சொல்லாமல் எழாதே என்ற விதிகளெல்லாம் இந்தப் பயத்தோடு சேர்ந்து பெருத்தவை. ‘குட்பை’ என்பது பலகையின் அடியில் அச்சிட்ட ஒரு விடைபெறும் சொல். ஜப்பானில் ‘கொக்குரிசான்’ என்று இதே ஆட்டம் தாளிலும் 10 யென் நாணயத்திலும் நடக்கிறது. அங்கே அந்த நாணயத்தைச் சீக்கிரம் செலவழித்துவிட வேண்டும் என்பது விதி. ஒரே ஆவி ஊருக்கொரு சட்டமா வைத்திருக்கும்?

உங்கள் மகளுக்கு நேரில் பார்த்தால்தான் மனம் ஆறும் என்றால் இப்படிச் செய்யச் சொல்லுங்கள், பகலில். முதலில் மூவரும் கண் திறந்து, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயரைக் கேட்கட்டும். பிறகு கண்ணைக் கட்டிக்கொள்ளட்டும். துப்பட்டாவை மட்டும் கட்டினால் மூக்கோரம் வழியாகத் தாள் தெரியும், கண்மேல் பஞ்சு வைத்துக் கட்ட வேண்டும். நான்காவது ஒருத்தி சத்தமில்லாமல் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைக்கட்டும். கை தாளின் ஓரத்தைத் தொடக்கூடாது, தொட்டால் திசை தெரிந்துவிடும். நாணயம் நின்ற இடங்களை அவளே குறிக்க வேண்டும். ‘அட’ என்று வாய்விட்டாலும் துப்புக் கிடைத்துவிடும். இப்போதும் நாணயம் நகரும். ஆனால் எழுத்துகள் முன்பு இருந்த இடத்துக்கு, இப்போது வேறு எழுத்தோ வெற்றிடமோ உள்ள இடத்துக்குப் போகும். ஆவிக்குக் கண்கட்டு கிடையாது.

சும்மா விளையாட்டுத்தானே என்றும் விட்டுவிடாதீர்கள். மூவரில் ஒருத்தியின் மனதில் இருக்கும் சந்தேகம், யாருடையதும் அல்லாத குரலாக வந்து விழும். ‘பணத்தை எடுத்தது யார்’ என்று கேட்கத் தொடங்கினால் நட்பு முறியும். ஹெலன் பீட்டர்ஸின் வீட்டிலேயே காணாமல் போன குடும்பப் பொருளுக்காகப் பலகை ஒருவரைக் கைகாட்டி, குடும்பம் இரண்டுபட்டது. அது பொய் சொல்லும், ஆடாதீர்கள் என்று அவர் கடைசிவரை சொல்லிவந்ததாக அவர் வழிவந்தவர்கள் சொல்கிறார்கள்.

எனக்கு ஆவியைவிட அந்த விளக்குதான் கவலை தருகிறது. வெளிச்சத்தில் ஒரு வாரம் அரைகுறையாகத் தூங்கினால், விழித்தும் உடல் அசையாமல் நெஞ்சை யாரோ அழுத்துவது போன்ற நிலை வரும் வாய்ப்பு கூடும். அமுக்குப் பேய் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். இப்போதைய மனநிலையில் அவளுக்கு அப்படி நேர்ந்தால் தாத்தா வந்து உட்கார்ந்துவிட்டார் என்றே நம்பிவிடுவாள். இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரண்டொரு நாள் வீட்டுக்கு வரவழைத்து, பக்கத்தில் யாராவது படுத்து, விளக்கை அணைத்துத் தூங்கவிடுங்கள். அதன் பிறகும் தூக்கம் பிடிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.