பனாமா சிட்டியில் ஒரே ஒரு பகல், அம்மாவுடன்

வணக்கம். ஒரு பகல்தான் இருக்கிறது, முழங்கால் வலி உள்ள அம்மாவோடு கால்வாய், பழைய நகரம் இரண்டையும் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். ஆனால் கால்வாயில் கப்பல்கள் கடப்பதைப் பார்க்கும் இடமான மிராஃப்ளோரெஸுக்கு நண்பகலில் போகும் திட்டத்தை மட்டும் மாற்றிவிடுங்கள். பொதுவாகக் காலையில் ஒரு திசையிலும் பிற்பகலில் எதிர்த்திசையிலும்தான் பெரிய கப்பல்கள் வரும். இடையில் போனால் வெறும் தண்ணீரைப் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும். காலையில் திறந்ததுமே போய்விடுங்கள்.

அங்கே அவசரப்படாதீர்கள். 1914இல் திறந்த மதகுகள் (கப்பலை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டிகள்) இன்றும் வேலை செய்கின்றன. பம்பு எதுவும் கிடையாது; மேலே இருக்கும் ஏரித் தண்ணீர் தானாகப் பாய்ந்து, இரண்டே படிகளில் கப்பலைச் சுமார் 16 மீட்டர் தூக்கிவிடுகிறது. பெரிய கப்பலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மீட்டர் இடம்கூட இருக்காது. ஒரு கப்பலாவது முழுதாகக் கடக்கும்வரை அம்மாவை உட்கார வைத்துக் காட்டுங்கள்.

அப்புறம் நீங்கள் கேட்ட பழைய நகரம், காஸ்கோ வியேஹோ. 1671இல் கடற்கொள்ளையன் ஹென்றி மோர்கன் தாக்கியபோது முதலில் இருந்த ஊர் அழிந்தது. இரண்டு ஆண்டு கழித்து இங்கே புதிதாகக் கட்டினார்கள். சான் ஹோசே தேவாலயத்தின் தங்கப் பீடத்தைத் தவறவிடாதீர்கள். செங்கல் பாவிய தெருக்கள், அம்மாவுக்கு நல்ல செருப்பு வேண்டும். அழிந்த அந்த முதல் ஊரின் இடிபாடுகள் உள்ள பனாமா வியேஹோவை இந்த முறை விட்டுவிடுங்கள், அங்கே வெயிலில் நடை அதிகம்.

மே முதல் டிசம்பர் வரை பிற்பகல் மழை வரும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க டாலரே அங்கே செல்லும், சில்லறை நோட்டாக வைத்திருங்கள்.