நேரில் பார்த்தே இராத பிரபலம் இறந்தால் பேனர் வைத்து அழுவதெல்லாம் சுய விளம்பரம்தானே?

நீங்கள் கேட்கிற தொனியை வைத்துப் பார்த்தால் பெங்களூருக்கு வேலைக்கு வந்து ரொம்ப நாள் ஆகியிருக்காது. ஆபீஸ் போகிற வழியில் ஒரு அஞ்சலி பேனர் கண்ணில் பட்டிருக்கும். நடுவில் இறந்தவர் படம், சுற்றிலும் கூலிங் கிளாஸ் போட்ட முகங்கள். சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வராது, ஏனென்றால் அந்தப் பேனரை அடித்துக் கொடுக்கிறவன் நான்தான். ஸ்ரீராமபுரத்தில் சின்னதாக ஒரு டிஜிட்டல் பிரிண்டிங் கடை. பிறந்தநாள், காதுகுத்து, அம்மன் திருவிழா, கருமாதி எல்லாம் ஒரே மெஷினில்தான்.

'சாவில் காசு பார்த்தவன் நியாயம் பேச வந்துவிட்டான்' என்று கீழே யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள். மாலை கட்டுகிறவரையும் ஷாமியானா போடுகிறவரையும் யாரும் இப்படிக் கேட்பதில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

2021 அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை. அக்டோபர் கடைசி எங்களுக்கு சீசன். நவம்பர் 1 ராஜ்யோத்சவத்துக்காக, அதாவது கர்நாடகா உருவான நாளுக்காக, மஞ்சளும் சிவப்புமாக அடித்துத் தள்ளுவோம். (2018இல் ஹைகோர்ட் சத்தம் போட்டு, மாநகராட்சி ஊர் முழுக்க ஃப்ளெக்ஸைக் கழற்றியதற்கு அப்புறம் நான் துணிக்கு மாறிவிட்டேன். அதைத் தோண்ட வேண்டாம்.) எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டு பேனரும் தயார். ஒரு பக்கம் புவனேஸ்வரி அம்மன், இன்னொரு பக்கம் சிரித்துக்கொண்டு கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் (ரசிகர்களுக்கு அப்பு), கீழே ஸ்டாண்டு ஆட்களின் முகங்கள். ஓரம் தைத்து மடித்து வைத்திருந்தேன். மத்தியானம் செய்தி வந்தது. காலையில் நெஞ்சுவலி என்று போனவர், இல்லை. வயது 46.

தெருவில் ஷட்டர்கள் இறங்கின. நானும் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்டாண்டுக்காரர்கள் குனிந்து உள்ளே வந்தார்கள். அதில் பாதிப் பேர் தமிழர்கள், வேலூர், தர்மபுரி பக்கத்து ஆட்களின் பிள்ளைகள். "அண்ணா, எல்லாத்தையும் எடுத்துட்டு கறுப்பு பேக்ரவுண்டு போடுங்க. பாவபூர்ண ஸ்ரத்தாஞ்சலின்னு கன்னடத்துல பெருசா வரணும். அப்புவும் சிரிக்கிற மாதிரி வேணாம்" என்றார் ஒருவர். சரி என்று தேடினேன். சண்டைக் காட்சிப் படங்களை விட்டால், அந்த மனிதர் சிரிக்காத படம் அகப்படவே இல்லை. கடைசியில் சிரிக்கிற படத்தையே கறுப்பு வெள்ளையாக்கிப் போட்டோம்.

அப்புறம் முகங்கள். ராஜ்யோத்சவ பேனருக்குக் காசு தராததால் விடுபட்டுப்போன ஒரு டிரைவர், எல்லோரும் போன பிறகு தனியாக வந்து ஐந்நூறு ரூபாயை நீட்டினார். "என் போட்டோவும் இருக்கணும்ணா. நான் வரலைன்னு ஆயிடக் கூடாது." அவர் போனில் இருந்தது கோவா டூர் படம், கூலிங் கிளாஸோடு. அது வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டு, என் ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஒரு படம் எடுக்கச் சொன்னார். கண் இரண்டும் வீங்கிப் போயிருந்தது. டிசைன் போடுகிற என் அக்கா பையன் திரும்பிக்கொண்டு சிரித்தான். வெளியே போய் டீ குடித்துவிட்டு வா என்று அனுப்பி வைத்தேன்.

அந்த டிரைவர் அழுதது நிஜம், பேனரில் தன் முகம் வரவேண்டும் என்று நினைத்ததும் நிஜம். ஒன்று இருந்தால் மற்றது பொய் என்று உங்களுக்கு யார் சொன்னது? நம் ஊர்ப்பக்கம் கல்யாணத்துக்குப் போகாததை மறந்துவிடுவார்கள், சாவுக்குப் போகாததைப் பேரன் காலம் வரை சொல்லிக் காட்டுவார்கள். நடிகர் செத்தால் எந்த வாசலில் போய்க் கைகொடுப்பது? வந்தேன் என்று யாரிடம் தலை காட்டுவது? தெருமுனையில்தான் காட்ட முடியும். மொய் நோட்டில் பெயர் எழுதுகிற மாதிரிதான் அந்த முகங்களை நான் பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புனித்தின் கண்களால் நான்கு பேருக்குப் பார்வை கிடைத்தது. அதைக் கேட்ட பிறகு மாநிலம் முழுக்க ஆயிரக்கணக்கில் கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள், எங்கள் ஸ்டாண்டிலும்தான். அதற்கு யாரும் என்னிடம் பேனர் கேட்கவில்லை.

'தமிழனுக்குக் கன்னட நடிகர்மேல் என்ன பாசம், எல்லாம் பயம்' என்று ஒரு கூட்டம் வரும். 2000இல் வீரப்பன் புனித்தின் அப்பா, நடிகர் ராஜ்குமாரைக் கடத்தி 108 நாள் வைத்திருந்தபோது இங்கே தமிழர்கள் எப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியும். 2006 ஏப்ரல் 12ஆம் தேதி அவர் இறந்தபோது, சைன்போர்டு எழுதிக்கொண்டிருந்த என் அப்பா, முதல் வேலையாக ராஜ்குமார் படத்துக்கு மாலை போட்டு கடை வாசலில் வைத்தார். பயம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதே அப்பா ராஜ்குமார் படம் ஒன்றையும் விட்டதில்லை, பாட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் போர்டு எழுதுவார்.

ராஜ்குமார் இறந்தபோது 2006இல் நடந்த கலவரத்தில் பஸ்கள் எரிந்தன, ஒரு போலீஸ்காரர் உட்படப் பலர் செத்தார்கள். ரசிகர்களே காட்டுமிராண்டிகள் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அப்படியென்றால் 2021இல் அதே ஊர், அதே குடும்பம், லட்சக்கணக்கில் ஜனம், ஏன் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை? ராஜ்குமார் முகத்தை நிறையப் பேரால் பார்க்கவே முடியவில்லை, மறுநாளே ஊர்வலம், அடக்கம். புனித் உடலை வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து கண்டீரவா மைதானத்தில் வைத்திருந்தார்கள். மகள் அமெரிக்காவிலிருந்து வர வேண்டியிருந்ததால் ஞாயிற்றுக்கிழமை விடிகாலைதான் அடக்கம். சாராயக் கடைகளையும் மூடியிருந்தார்கள். வரிசையில் நின்றவன் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனான். துக்கம் கேட்க வந்தவனை வாசலிலேயே தடுத்தால் வீட்டிலும் சண்டைதான் வரும்.

கொண்டாட்டம்தான் நல்லது, துக்கக் கூட்டம்தான் ஆபத்து என்பதும் தப்பு. 18 வருஷம் காத்திருந்து 2025 ஜூன் 3 ராத்திரி எங்கள் ஊர் கிரிக்கெட் டீம் ஆர்சிபி ஐபிஎல் கோப்பை வாங்கியது. மறுநாள் சின்னசாமி மைதான வாசலில் நெரிசலில் 11 பேர் போனார்கள். நான் விடிய விடிய கோலி படம் அடித்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் அந்தச் செய்தியைக் கடை டிவியில் பார்த்தேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

சரி, விளம்பரமே இல்லையா என்றால் இருக்கிறது. எங்கள் வட்டாரப் பிரமுகர் ஒருவர் புனித் இறந்த அன்றைக்கு ராத்திரி சர்க்கிளில் வைக்க ஆளுயரத்துக்கு மேல் ஒரு பேனர் ஆர்டர் கொடுத்தார். புனித் படத்தைவிட அவர் படம் பெரிது. பணம் கேட்டால், "சாவு விஷயத்துல காசு கேக்கறியேப்பா" என்றார். அடுத்த வருஷம் அவர் பிறந்தநாளுக்கு டிசைன் போடச் சொல்லி, வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு, சதுர அடிக்கு ஒரு ரூபாய் கம்மி என்று வேறு கடையில் அடித்துக்கொண்டார். இவர் மட்டுமில்லை, இப்போது பாதி வாடிக்கையாளர்கள் இப்படித்தான். எழுத்து மாற்று, கலர் மாற்று என்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை உயிரை எடுப்பார்கள், காலையில் போனை எடுக்க மாட்டார்கள். டிசைன் போடுவதும் வேலைதான், அதற்கும் கூலி உண்டு என்று இந்த ஊரில் ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை. அதனால் மாதிரி அனுப்பும்போது நடுவில் குறுக்காகக் கடைப் பெயரைப் போட்டுத்தான் அனுப்புகிறேன். முன்பணம் வராமல் மெஷினை ஓட்டுவதில்லை, ஆட்டோ ஸ்டாண்டுக்கு மட்டும் கடன் உண்டு.